ராடைக் குறுக்குவதா, டிரம்மில் திருகுவதா?

பெடல் பாதிக்கு மேல் கீழே போனால்தான் வண்டி நிற்கிறது. மெக்கானிக்கல் பிரேக் உள்ள பழைய காரில் இதைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் (அல்லது கேபிளின்) நீளத்தைக் குறைப்பது. இன்னொன்று, டிரம்முக்கு (சக்கரத்தோடு சுற்றும் உருளை) பின்னால் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் ஷூக்களையே அதற்கு நெருக்கமாகக் கொண்டுவருவது.

ராடு வழிதான் சுலபம். ராடின் நுனியிலுள்ள U வடிவ இணைப்பான கிளெவிஸைக் கழற்றி நாலு சுற்றுச் சுற்றி மாட்டினால் பெடல் உடனே மேலே வந்துவிடும். பலர் ஏமாறுவதும் அங்கேதான். லைனிங் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) தேய்ந்து உண்டான இடைவெளி அப்படியே இருக்கிறது. அதை மூட, ஷூவை விரிக்கும் கேம் கூடுதலாகத் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும் நேரத்தில் கேமைத் திருப்பும் லீவரும் ராடும் ஏறக்குறைய 90 டிகிரியில் இருந்தால்தான் காலின் விசை வீணாகாமல் ஷூவுக்குப் போய்ச் சேரும். ராடைக் குறுக்கக் குறுக்க லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிவிடும். பெடல் என்னவோ உயரமாக, கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. லைனிங் மிகவும் தேய்ந்திருந்தால் கேம் புரண்டு சிக்கிக்கொள்ளவும் கூடும்.

டிரம்மில் திருகுவதில் இந்தத் தொல்லை இல்லை. ஷூ முன்னே வருகிறது, லீவர் தன் இடத்திலேயே இருக்கிறது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் இதற்கென்றே சதுரத் தலை கொண்ட அட்ஜஸ்டர் உண்டு. திருகும்போது கிளிக் கிளிக்கென்று விழும். பழைய பிரிட்டிஷ் கார்களில் வந்த கெர்லிங் ராடு பிரேக்கிலும் தேய்மானத்தை ஷூவில்தான் சரிக்கட்ட வேண்டும், ராடில் அல்ல. குறை என்றால், நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்க வேண்டும், துருப்பிடித்த அட்ஜஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். ராடைத் தொடுவது ஷூ மாற்றும்போது கோணத்தைச் சரியாக வைக்க மட்டும். சில கேபிள் வண்டிகளில் மட்டும் கேபிளைத் தவிர வேறு இடமே கிடையாது. அங்கே லீவரின் கோணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது தாண்டும்முன் லைனிங் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது, சக்கரங்கள் சமமாகப் பிடிக்கும்படி வைப்பது. ஹைட்ராலிக்கில் திரவ அழுத்தம் எல்லாச் சக்கரத்துக்கும் தானாகப் பகிர்ந்துவிடும். மாடல் ஏ-யில் அப்படிச் சமன்செய்யும் அமைப்பு எதுவும் இல்லை. அந்த வேலை உங்கள் கையில். சாலையில் ஓட்டி, அழுத்திப் பிடித்து, டயர் தடத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டது என்று தெரியும், எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாது. ஆபத்தும் கூட.

அதைவிட ஒரு மரக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து, பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது மேல். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு இறுகவேண்டும், பின்சக்கரமும் அப்படியே. மாடல் ஏ-யில் பின்சக்கரங்கள் சற்று முந்திப் பிடிக்கும்படி வைப்பது வழக்கம். பிடிப்பு கூடுதலாக உள்ள சக்கரத்தைத் தளர்த்துங்கள். குறைவானதை ராடால் இழுக்கப் போகாதீர்கள்.

அப்புறம் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, இறங்கி டிரம்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த ஷூ உரசுகிறது. ஒரு கிளிக் பின்னால் திருப்புங்கள்.