ரேண்டம் ஃபைபர் லேசரில் குறுந்துடிப்புகள்: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஆய்வக மேசையில் இந்த ரேண்டம் ஃபைபர் லேசர் ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஆற்றல் ஊட்டும் 976 நானோமீட்டர் பம்ப் டையோடு, ஒளியைப் பெருக்கும் சில மீட்டர் எர்பியம் ஃபைபர், ஒரு முனையில் ஃபைபர் வளையத்தாலேயே செய்த பிரதிபலிப்பான், நடுவில் ஒளியின் பாதையைத் திறந்து மூடும் ஒலி-ஒளி மாடுலேட்டர். மறுமுனையில் 5 கிலோமீட்டர் சாதாரண தொலைத்தொடர்பு ஃபைபர் சுற்றிய ஸ்பூல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் கண்ணாடி எதுவும் கிடையாது. ஃபைபர் நெடுகிலும் நடக்கும் ரேலி சிதறலில் (ஃபைபரின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளி சிதறுவது) திரும்பி வரும் துளி ஒளிதான் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது.

2010-இல் இயற்பியலாளர் டூரிட்சினின் குழு இதே வகையில் 83 கிலோமீட்டர் ஃபைபரில் செய்து காட்டியது தொடர்ச்சியாக ஒளிரும் லேசர். அதிலிருந்து துடிப்பு எடுப்பது வேறு வேலை. குறுந்துடிப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் மோட்-லாக் லேசரில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி போய் வரும் நேரம் நிலையானது, துடிப்புகளும் அந்தத் தாளத்திலேயே வரும். இங்கே ஒளி எந்தப் புள்ளியிலிருந்தும் திரும்பலாம் என்பதால் தாளமே இல்லை. அதனால் நாங்கள் ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடும் கியூ-சுவிட்ச் வழியில் போனோம். மாடுலேட்டரை மூடி வைத்தால் எர்பியத்தில் ஆற்றல் சேரும். அது சுமார் 10 மில்லி விநாடி வரை தாங்கும். திறந்ததும் மொத்தமாகக் கொட்டும்.

முதல் மாதமே ஆசிலோஸ்கோப்பில் அழகான துடிப்பு வந்துவிட்டது. சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. பெரிய துடிப்புக்குப் பின்னால் குட்டித் துடிப்புகள் வரிசையாக வந்தன. கர்சரை வைத்து அளந்தால் இரண்டுக்கும் நடுவே 49 மைக்ரோ விநாடி. 5 கிலோமீட்டர் ஃபைபரில் ஒளி போய்த் திரும்பும் நேரமும் அதேதான். அதாவது ஸ்பூலின் கடைசி முனை கண்ணாடியாகியிருந்தது! அங்கே தட்டையான கனெக்டர் இருந்தது. தட்டையான முனை கிட்டத்தட்ட 4 சதவீத ஒளியைத் திருப்பும். சிதறலில் ஸ்பூல் முழுவதும் சேர்ந்து திருப்புவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை நாளும் சாதாரண லேசரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். திரும்பும் ஒளி ஃபைபருக்குள் போகாதபடி முனையை 8 டிகிரி சாய்வாக வெட்டினோம். பம்பைக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தது, ஆனால் குட்டித் துடிப்புகள் மறைந்தன. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் இந்த முனையைப் பாருங்கள்.

அடுத்த தலைவலி பிரில்லுவான் சிதறல், அதாவது ஃபைபருக்குள் எழும் ஒலி அலையில் பட்டு ஒளி பின்னால் திரும்புவது. ஒளியின் அலைநீளப் பரவலைக் குறுக்க மெல்லிய பட்டை கொண்ட ஃபில்டர் போட்டோம், அதுவே இந்தச் சிதறலைக் கிளப்பிவிட்டது. மைக்ரோ விநாடி அகலத் துடிப்பின் மேல் திடீரென்று சில நானோ விநாடி ஊசி எழும்பும். எப்போது வரும், எவ்வளவு உயரம் வரும், எதுவும் சொல்ல முடியாது. ஒரு மாலை அப்படி வந்த ஊசி ஒன்றில் ஒளியை அளக்கும் எங்கள் ஃபோட்டோ டிடெக்டர் போய்விட்டது. விலை அதிகம், மறுபடி வர இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் இல்லாமல் டிடெக்டரை மாட்டுவதே இல்லை. அகலமான ஃபில்டருக்கு மாறிய பின் ஊசிகள் வெகுவாகக் குறைந்தன. குறுகிய துடிப்புக்காக இந்தச் சிதறலையே வேண்டுமென்று பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நேரம் தவறாத துடிப்பு தேவை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மற்றபடி தினசரி வேலைக்குத் தொந்தரவு குறைவு. ஸ்பூலை மட்டும் ஏசி காற்று நேரே படாத பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, துடிப்பு வீதம் நம் கையில் இருப்பது. 10 மீட்டர் வளைய மோட்-லாக் லேசர் என்றால் 20 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் ஓடும். இங்கே 300 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் என்று மாடுலேட்டரில் எண்ணை மாற்றினால் போதும். ஃபெம்டோ விநாடி வேண்டுமென்றால் இது உங்களுக்கான கருவி இல்லை, மோட்-லாக் லேசரே வாங்குங்கள்.

அடுத்து ராமன் பெருக்கத்துக்கு (எர்பியம் இல்லாமல், சாதாரண ஃபைபரிலேயே பம்ப் ஒளியால் லேசர் ஒளியைப் பெருக்குவது) மாறப் பார்க்கிறோம். ராமனில் எர்பியம் மாதிரி ஆற்றலைச் சேர்த்து வைக்க முடியாது, பம்பையே துடிக்க வைக்க வேண்டும். அதற்கான பம்ப் டிரைவரை இப்போது சாலிடர் செய்துகொண்டிருக்கிறோம்.