மகளின் முதல் கார்: நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

என் மகள் ஓட்டுநர் உரிமம் பெற்ற மாதத்தில் நாங்கள் வாங்கிய பழைய கார், இந்த மாதத்துடன் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளை நிறைவு செய்கிறது. வாங்கும்போது அதற்கு வயது ஆறு; 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,21,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நான்கு கதவுகளும் சாதாரண பெட்ரோல் எஞ்சினும் கொண்ட நடுத்தர அளவு செடான் அது. அதன் பெயரை நான் இங்கே குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் விற்கப்படும் கார், தயாரித்த ஆண்டுக்கும் வேரியன்டுக்கும் ஏற்ப ஏர்பேக்குகளின் எண்ணிக்கையில்கூட மாறுபடுகிறது. பெயரை மட்டும் நம்பித் தேடியதால் தொடக்கத்தில் நானே இரண்டு மாதங்களை வீணாக்கினேன்.

தேடத் தொடங்கியபோது உறவினர்களும் நண்பர்களும் சொல்லி வைத்தாற்போல் ஒரே ஆலோசனையைத் தந்தார்கள்: சின்னக் காராக, மலிவாக வாங்கு, எங்காவது இடித்துக்கொண்டாலும் மனசு வலிக்காது. அந்த அறிவுரை காருக்கு நேரும் சேதத்தைப் பற்றியது, காருக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றியது அல்ல என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2009-இல் ஒரு சோதனை நடத்தியது. மூன்று மிகச் சிறிய கார்களை, அந்தந்தத் தயாரிப்பாளரின் நடுத்தர அளவு கார்களோடு, ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் வரும்படி எதிரெதிரே மோதவிட்டார்கள். தடுப்பில் மோதும் வழக்கமான சோதனையில் நல்ல மதிப்பீடு பெற்றிருந்த அந்தச் சிறிய கார்கள் மூன்றுமே இதில் மோசமான மதிப்பீட்டைப் பெற்றன. எடை குறைந்த கார் மோதலில் பின்னோக்கித் தள்ளப்படுவதால், அதில் இருப்பவர்களின் வேகம் மிகக் குறுகிய நேரத்தில் மிக அதிகமாக மாறுகிறது. முன்பகுதி நீளம் குறைவாக இருந்தால் நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள இடமும் குறைவு. அதற்காக இருப்பதிலேயே பெரிய வண்டியைத் தேடவும் எனக்கு மனம் வரவில்லை. உயரமான கனத்த வண்டியில் அருகில் நிற்கும் சிறு குழந்தை கண்ணில் படாத மறைவிடங்கள் அதிகம், அனுபவமற்ற கைக்கு அதை ஒடித்துத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினம். ஆகவே நடுத்தர அளவு செடான் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, மோதல் சோதனைகளின்படி கார்களுக்குக் கொடுக்கப்படும் நட்சத்திர மதிப்பீடுகள். ஐந்து நட்சத்திரம் என்ற சொல் என்னை வெகுவாக மயக்கியது. ஆனால் அந்த நட்சத்திரங்கள் எந்த ஆண்டில் வழங்கப்பட்டவை என்பதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அவற்றுக்குப் பொருளே இல்லை. கார்களை மோதவிட்டு மதிப்பிடும் ஐரோப்பாவின் யூரோ என்.கேப். அமைப்பு 2005-இல் ஃபியட் புன்டோவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதே தலைமுறைக் காரை 2017-இல் புதிய அளவுகோல்களின்படி சோதித்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. மேலும், நேருக்கு நேர் மோதலுக்கான மதிப்பீட்டை ஏறத்தாழ ஒரே எடையுள்ள கார்களுக்கிடையில்தான் ஒப்பிட வேண்டும். இவ்விரண்டையும் புரிந்துகொண்ட பிறகு, எங்கள் பட்டியலில் இருந்த பதினொரு கார்கள் நான்காகக் குறைந்தன.

எதை விட்டுக்கொடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன். அது இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறார், கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாதபோது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, எஞ்சினின் விசையையும் குறைத்து, காரை வழிக்குக் கொண்டுவருகிறது. 1995-இல் விலையுயர்ந்த கார்களில் அறிமுகமான இது, அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்பனையான புதிய கார்களிலும் கட்டாயமானது. பழைய கார் தேடுகிறவர்கள், விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காமல், சாவியைத் திருப்பியவுடன் டேஷ்போர்டில் சறுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைகிறதா என்று தாங்களே பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்குக்கும், பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்குக்கும் இதே விதிதான். நாங்கள் பார்த்த ஒரு காரில் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்றார் விற்பவர். எரியவே எரியாத விளக்கு, யாரோ இணைப்பைத் துண்டித்து வைத்த விளக்காகவும் இருக்கலாம் என்று எங்களுடன் வந்த மெக்கானிக் சொன்னதால், மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த தொகை முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் புதிதான ஒன்று கிடைத்திருக்கும். நான் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தேன். அந்த ஒரு பங்குதான் இந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த செலவுகளிலேயே சிறந்தது என்று இப்போதும் நம்புகிறேன். கார் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே நான்கு டயர்களையும் மாற்றினோம். பழைய டயர்களின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் பரப்பிலுள்ள வரிப்பள்ளங்களின் ஆழம், பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் டயரின் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 3514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். எங்கள் காரில் இருந்தவை காரோடு பிறந்தவை. ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விட்டிருந்தன. டயரோடு பிரேக் ஆயிலையும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறைந்து, நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதி தளர்ந்துபோகக்கூடும் என்பதால் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, கோளாறுக்காகத் தயாரிப்பாளர் காரைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்தோம். தகாட்டா நிறுவனம் தயாரித்த, ஏர்பேக்கை விரியச் செய்யும் ஊதிகள் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்ட பிறகு, இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் எந்தப் பழைய காரையும் ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மழை மாலை. வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது நாய் ஒன்று குறுக்கே ஓடியதால், மகள் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒரு பக்கமும் உடனே மறுபக்கமும் ஒடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, கைகழுவக்கூடப் போகாமல், "அம்மா, மஞ்சள் விளக்கு ஒன்று மின்னி மின்னி அணைந்தது, கார் தானாகவே நேரானது போல இருந்தது, ஏதாவது கெட்டுப்போயிற்றா?" என்று கேட்டாள். எதுவும் கெடவில்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே சென்று சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். இ.எஸ்.சி. எவ்வளவுதான் கணக்குப் போட்டாலும், சாலையைப் பற்றிக்கொள்வது டயர்தான். அந்த இறுகிய பழைய டயர்களோடு அதே வளைவு என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வாங்கும்போது நான் பொருட்படுத்தாமல், ஓட்ட ஓட்ட அருமை புரிந்த வசதி ஒன்று உண்டு. என் மகள் உயரம் குறைந்தவள். பெடல் எட்ட வேண்டுமென்று இருக்கையை முன்னே இழுத்தால், நெஞ்சு ஸ்டீயரிங்கை நெருங்கிவிடுகிறது. ஏர்பேக் விரிய இடம் வேண்டுமென்பதால் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் காரில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தலாம், ஸ்டீயரிங்கை மேலும் கீழுமாக மட்டுமின்றி முன்னும் பின்னுமாகவும் நகர்த்தலாம். பட்டியலில் இருந்த மற்ற மூன்று கார்களில் ஒன்றில் மட்டுமே இவ்விரண்டும் சேர்ந்து இருந்தன. பிள்ளையை அழைத்துச் செல்லாமல் பெற்றோர் மட்டும் போய்க் காரைத் தேர்ந்தெடுத்து வருவது தவறு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். உட்கார்ந்து பார்க்க வேண்டியவர் ஓட்டப்போகிறவர்தான்.

எஞ்சின் மந்தமானது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ பன்னிரண்டு நொடிகள் ஆகும். முதல் ஆண்டு முழுவதும் மகளுக்கு இதில் வருத்தம் இருந்தது. எனக்கு இல்லை. வேகம் மணிக்கு 60-இலிருந்து 80 கிலோமீட்டராக உயரும்போது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. அந்த உயர்வு எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்கு அனுபவம் முந்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குறைகளும் உள்ளன. ஹெட்லைட்டின் மேல்மூடி மஞ்சள் பூத்து மங்கியிருந்ததை நாங்கள் வாங்கும்போது கவனிக்கவில்லை. பகலில் மட்டுமே ஓட்டிப் பார்த்ததன் விளைவு அது. முதல் இரவுப் பயணத்திலேயே வெளிச்சம் போதவில்லை. மெருகேற்றிப் பார்த்தோம், ஆறு மாதத்தில் மீண்டும் மங்கியதால் மூடிகளையே மாற்ற நேர்ந்தது. பின்னிருக்கையில் அமர்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் இந்தக் கார் எச்சரிப்பதில்லை. தானாக பிரேக் போடும் வசதியும் இதில் இல்லை. முன்னால் செல்லும் வண்டியில் மோதும் விபத்துகளை அந்த வசதி ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று ஐ.ஐ.எச்.எஸ். கண்டறிந்திருக்கிறது. இன்று தேடுகிறவராக இருந்தால், கூடுதல் பணத்தைச் சன்ரூஃபுக்கோ பெரிய திரைக்கோ கொடுக்காமல் இதற்குத்தான் கொடுப்பேன்.

பராமரிப்புச் செலவு எதிர்பார்த்ததை விடச் சற்றே அதிகம். பேட்டரி ஒருமுறை, கிளட்ச் ஒருமுறை, ஏசி கம்ப்ரஸர் ஒருமுறை. இளம் ஓட்டுநர் என்பதால் காப்பீட்டுக் கட்டணம்தான் பெரும் சுமை. பட்டியலில் இருந்த நான்கு கார்களுக்கும் அதைத் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டு பிறகு முடிவெடுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் விலை குறைந்த காருக்குக் கட்டணம் கூடுதலாக இருந்தது.

காரோடு சேர்ந்து வந்தது ஒரு வீட்டு ஒப்பந்தம். புதிதாக ஓட்டுபவருடன் அதே வயதுத் தோழர்கள் ஏற ஏற விபத்து அபாயம் கூடுகிறது, இரவும் அப்படித்தான். நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்து இவற்றைக் கட்டுப்படுத்தியது. நாங்களும் முதல் ஆறு மாதங்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, தோழிகளை ஏற்றுவதில்லை என்று எழுதி வைத்தோம். மகள் ஒருமுறை மீறினாள். தானே வந்து சொன்னாள். ஒப்பந்தம் மேலும் ஒரு மாதம் நீண்டது.

இப்போது அவளுடைய தம்பி உரிமத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருக்கிறான். காரை விற்க நினைத்து, பிறகு அவனுக்கே கொடுப்பதென்று தீர்மானித்தோம். நாங்கள் போட்ட டயர்களுக்கு வயது நான்கு. பட்டனில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் மீதி. அவன் தேர்வு எழுதும் வாரத்தில் நான்கையும் மாற்ற முன்பணம் கொடுத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பார்த்தோம். அக்காவை விட ஒரு தலை உயரம் என்பதால் இருக்கையை அடிவரை தாழ்த்தி, ஸ்டீயரிங்கைத் தன்பக்கம் இழுத்து, தலைத்தாங்கியை உச்சி வரை உயர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடிகளைச் சரிசெய்ய அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள்.