புல்லட் ஃபார் மை வாலன்டைன்: 20 வருஷம் கேட்டும் அந்த எதிராளி யாரென்று தெரியவில்லை

நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சி, அந்த 'டியர்ஸ் டோன்ட் ஃபால்' பேண்ட் இன்னும் இருக்காங்களா? எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?" இருக்கிறார்கள். ஏழு ஆல்பம் ஆகிவிட்டது. ஆனால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு என்னால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பாராட்டி நாலு வரி தட்டினால் ஐந்தாவது வரியில் கோபம் வந்துவிடுகிறது.

நண்பன் கேட்டது புல்லட் ஃபார் மை வாலன்டைன் என்ற மெட்டல் பேண்டைப் பற்றி. வேல்ஸில் பிரிட்ஜெண்ட் என்ற ஊர், மேட் டக் பாட்டும் கிடாரும், பேட்ஜ் லீட் கிடார், மூஸ் டிரம்ஸ், ஜே ஜேம்ஸ் பேஸ். இதெல்லாம் இந்த இசை கேட்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். நம்மூர் ஆட்களில் பலருக்கு இவர்கள் அறிமுகமானது ஆல்பம் வழியாக அல்ல, 2005இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்' கேம் வழியாக. பின்னால் போலீஸ் வண்டி துரத்தும், நாம் எதிர்த் திசையில் வளைத்துக்கொண்டு ஓடுவோம், ஸ்பீக்கரில் 'ஹேண்ட் ஆஃப் பிளட்' அலறும். பாட்டைப் பாடியது யாரென்று தெரியாமலே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) மனப்பாடம் ஆன தலைமுறை அது. அதே பாட்டின் பெயரில் அந்த வருஷமே ஒரு இ.பி.யும் (ஆல்பத்தைவிடச் சிறிய பாட்டுத் தொகுப்பு) வந்திருந்தது.

அதற்கு முந்தைய கதை சுருக்கமானது. 1998இல் 'ஜெஃப் கில்டு ஜான்' என்ற பெயரில் தொடங்கி, அந்தக் காலத்து நு-மெட்டல் (ராப் மாதிரி பிற இசைகளைக் கலந்த மெட்டல்) பாணியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே போயிருந்தால் இன்று யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. 2003இல் பழைய பேஸ் வாசிப்பாளர் விலக, ஜே ஜேம்ஸ் உள்ளே வர, பெயரையும் மாற்றினார்கள், இசையையும் மாற்றினார்கள். அதே ஊரிலிருந்து 'ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்' என்ற இன்னொரு பேண்ட் வேறு அப்போது மேலே வந்துகொண்டிருந்தது. கார்டிஃபுக்கும் ஸ்வான்சீக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு இது பெரிய விஷயம்.

2005 அக்டோபரில் 'தி பாய்சன்'. தயாரிப்பு காலின் ரிச்சர்ட்சன், கார்கஸ் என்ற மெட்டல் பேண்டின் 'ஹார்ட்வொர்க்' ஆல்பத்தைச் செய்தவர். ஆல்பத்தின் முன்னுரையாக வரும் செல்லோ வாசிப்பு ஃபின்லாந்தின் அபோகாலிப்டிகா என்ற செல்லோ குழுவுடையது. எனக்கு இந்த பேண்ட் மேல் பித்துப் பிடிக்கக் காரணம் பாட்டு வரிகளோ அலறலோ இல்லை, இரண்டு கிடார்கள்தான். டிராப் சி-க்கு (வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதி) இறக்கிய தடித்த ரிதம் கீழே ஓட, அதன் மேல் ஒரே மெட்டை இரண்டு கிடார்களும் சில சுரங்கள் தள்ளி இணைந்து வாசிக்கும். அயர்ன் மெய்டன் கேட்டவர்களுக்கு இந்த வித்தை பழசு. ஆனால் அதே காலத்து மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த பாணி) கூட்டத்தில் பாதிப் பேர் பிரேக்டவுன், அதாவது வேகம் இறங்கி கனமாக அடிக்கும் பகுதி, எப்போது வரும் என்று காத்திருந்தபோது, இவர்கள் மெட்டு எப்போது வரும் என்று காக்க வைத்தார்கள்.

'டியர்ஸ் டோன்ட் ஃபால்' பாட்டையே ஒருமுறை ஹெட்ஃபோனில் கவனித்துக் கேள். ரேடியோவுக்கு வெட்டிய வடிவம் வேண்டாம், ஆல்பத்தில் இருக்கும் கிட்டத்தட்ட 6 நிமிட வடிவம். முதலில் டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) இல்லாத கிடார் தனியாக, கம்பி கம்பியாக. டக் ஒரு சத்தம் போட்டதும் எல்லாம் சேர்ந்து விழும். அப்புறம் சட்டென்று அடங்கி, கிசுகிசுப்பது போலப் பாட்டு. கோரஸ் யார் கேட்டாலும் கூடப் பாடிவிடலாம், அவ்வளவு சுலபம். முக்கால்வாசிப் பாட்டு முடிந்த பிறகு எங்கிருந்தோ வேகம் ஏறி, அலறல் வந்து, சோலோ வந்து, மறுபடி அந்தக் கோரஸிலேயே இறங்கும்போது அதே வரி கனத்துப் போயிருக்கும். பாப் பாட்டுக்குரிய அறிவும் மெட்டலுக்குரிய கையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இப்படி வரும். 2006இல் கெர்ராங் பத்திரிகை இதைத்தான் சிறந்த சிங்கிளாகத் தேர்ந்தெடுத்தது. தப்பே இல்லை.

இனி என் எரிச்சல். இந்தப் பாட்டுகளில் எப்போதும் ஒரு எதிராளி இருக்கிறார். பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஊர் கிடையாது. அவர் துரோகம் செய்திருக்கிறார், பொய் சொல்லியிருக்கிறார், டக் அவரைப் பார்த்து விரலை நீட்டி அலறுகிறார். 'தி பாய்சன்'இல் 'ஸ்பிட் யூ அவுட்' என்று அவரைத் துப்பினார்கள். 'ஃபோர் வேர்ட்ஸ்' பாட்டில் தங்களை மட்டம் தட்டியவர்களுக்குப் பதில் சொன்னார்கள். சரி, இருபது சொச்சம் வயசு, சின்ன ஊரிலிருந்து வந்தவர்கள், ஆத்திரம் இருக்கும். 2010இல் 'யுவர் பிட்ரேயல்'. 2015இல் 'யூ வான்ட் எ பேட்டில்?'. 2016இல் 'டோன்ட் நீட் யூ'. 2018இல் 'லெட்டிங் யூ கோ'. 2021இல் 'பாரசைட்'. இசை மூன்று தடவை தோலை உரித்துவிட்டது, இந்த ஆள் மட்டும் அப்படியே நிற்கிறார். யாரய்யா நீர்? இவ்வளவு வருஷமாக ஒருவர் ஒரே மனிதரைத் திட்டிக்கொண்டே இருந்தால், கேட்கிறவனுக்குத் திட்டு வாங்குகிறவர் மேல் பரிதாபம் வந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2008 ஜனவரியில் வந்த 'ஸ்க்ரீம் எய்ம் ஃபயர்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு போர்க்களத்தைப் பற்றியது. அங்கே எதிரி நிஜமாகவே எதிரி, துப்பாக்கியோடு நிற்கிறவன், அதனால் அந்த அலறலுக்கு அர்த்தம் இருக்கிறது. அதே ஆல்பத்தில் 'ஹார்ட்ஸ் பர்ஸ்ட் இன்டு ஃபயர்' என்று ஒன்று. டூரிலேயே காலம் போய், வீடு திரும்ப ஏங்குகிறவனின் பாட்டு. யார் மேலும் கோபமே இல்லை. தொடங்கும்போதே இரண்டு கிடார்களும் சேர்ந்து வாசிக்கும் அந்த மெட்டு, பேட்ஜும் டக்கும் இதுவரை வாசித்ததிலேயே அழகானது என்பேன். கையில் இப்படி ஒரு பாட்டு இருக்கும்போது எதற்கு அந்தப் பழைய பங்காளிச் சண்டை?

இந்த ஆல்பம் வந்த சூழலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2007இல் டக்குக்குத் தொண்டையில் டான்சில் அறுவை சிகிச்சை. குரலை நம்பி நிற்கும் பேண்டுக்கு இது சாதாரண விஷயமா? அலறல் குறைந்தது, பாட்டு கூடியது, அந்த இடைவெளியை நிரப்ப வேகம் கூடியது. 'வேக்கிங் தி டீமன்' கேட்டால் மெட்டல்கோரைவிட எண்பதுகளின் த்ராஷ் என்ற அதிவேக மெட்டல்தான் அதிகம் தெரியும். மெட்டாலிக்கா ரசிகர்களாக வளர்ந்தவர்கள், அது ரத்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் தரவரிசையில் இந்த ஆல்பம் 4ஆம் இடத்தில் நுழைந்தது.

அடுத்தது 'ஃபீவர்', 2010. தயாரிப்பு டான் கில்மோர், லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி'யும் 'மீட்டியோரா'வும் செய்தவர். வழவழப்பாக்கிவிட்டார் என்று அப்போது பலரும் திட்டினார்கள். எனக்கு அந்த வழவழப்பு உறுத்தவில்லை. பில்போர்டில் 3ஆம் இடம். 'யுவர் பிட்ரேயல்' பாட்டின் முகப்பில் மூஸ் அடிக்கும் அந்த அணிவகுப்பு டிரம்ஸ் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கும். எதிராளி விவகாரம் தலைப்பிலேயே இருந்தும் இந்தப் பாட்டை மட்டும் மன்னித்துவிடுவேன்.

'டெம்பர் டெம்பர்', 2013. தாய்லாந்து ஸ்டுடியோவில் வேலை செய்தார்கள், மறுபடியும் கில்மோர்தான். இதைப் பற்றி நிதானமாக எழுத முயல்கிறேன். சேர்ந்து பாட வசதியான, எளிமையான ஹார்ட் ராக் ஆல்பம் செய்வது குற்றம் இல்லை. ஆனால் அதில் 'டியர்ஸ் டோன்ட் ஃபால் பார்ட் 2' என்று ஒரு பாட்டைப் போட்டார்கள் பார், அதற்கு மன்னிப்பே கிடையாது. முதல் பாட்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யார் கேட்டார்கள்? பழைய வாசலைத் தட்டிக் கடன் கேட்பது மாதிரி இருந்தது. அந்தப் பாட்டு ஓடும்போது மூலப் பாட்டின் நினைவுதான் வருகிறது. கேட்டு முடித்ததும் மூலத்தைத்தான் போட வேண்டியிருக்கிறது. ஒரு பாட்டு தானே தனக்கு எதிராக விளம்பரம் செய்துகொள்வதை அங்கேதான் பார்த்தேன்.

2015 பிப்ரவரியில் ஜே ஜேம்ஸ் போய்விட்டார். டக்கின் பாட்டுக்கு எதிரே நின்ற இன்னொரு வாய் அவருடையது. ஒருவர் பாட, இன்னொருவர் அலற, அந்த எசப்பாட்டு தந்த சுகமே தனி. அந்த இடத்துக்கு வந்த ஜேமி மத்தையாஸ் அலறுவதில் குறை வைக்கவில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே வருஷம் ஆகஸ்டில் 'வெனம்'. காலின் ரிச்சர்ட்சன் திரும்பி வந்தார், கூடவே கார்ல் பௌன். 'நோ வே அவுட்', 'ஆர்மி ஆஃப் நாய்ஸ்' இரண்டும் பழைய சூட்டில் இருக்கின்றன. பேட்ஜின் விரல்களுக்கு மறுபடி வேலை கொடுத்தார்கள், அந்த ஒன்றுக்காகவே கேட்கலாம்.

'கிராவிட்டி', 2018. எலெக்ட்ரானிக் சத்தங்கள், இடம் விட்டு விழும் டிரம்ஸ், ஓரமாக ஒதுக்கப்பட்ட லீட் கிடார். சோலோ எங்கே என்று தேடியே ஆல்பம் முடிந்துவிடும். 'ஓவர் இட்' நன்றாகத்தான் இருக்கிறது. 'லெட்டிங் யூ கோ' கோரஸ் நாள் முழுக்க வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பேட்ஜை பேண்டில் வைத்துக்கொண்டு அவரைச் சும்மா உட்கார வைக்கிற முடிவை எந்தப் புத்திசாலி எடுத்தாரோ தெரியவில்லை. இதற்குள் மூஸும் விலகியிருந்தார். அந்த நாற்காலியில் ஜேசன் பௌல்ட், டக்கோடு 'ஆக்ஸ்வூண்ட்' என்ற தனி பேண்டில் 2012லேயே வாசித்தவர். ஆரம்ப நாலு பேரில் இப்போது மிச்சம் டக்கும் பேட்ஜும் மட்டும்.

இவ்வளவு திட்டிய பிறகு 2021 நவம்பரில் வந்த ஆல்பத்தைக் கேட்டால் நியாயம் பேச வேண்டியிருக்கிறது. பேண்டின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார்கள். புது ஆரம்பம் என்று சொல்ல எல்லா பேண்டும் செய்கிற வேலைதான், ஆனால் இங்கே சரக்கு இருக்கிறது. ஆல்பம் முழுக்கக் கடுமை, வெட்டி வெட்டி விழும் ரிஃப்கள். பௌல்டின் கால்கள் இயந்திரம் மாதிரி ஓடுகின்றன. 'நைவ்ஸ்' பாட்டில் டக் அலறுவதைக் கேட்டால் அறுவை சிகிச்சை கண்ட தொண்டை என்று நம்ப முடியாது. 'ஷாட்டர்' மெதுவாக நசுக்குகிறது. 'ரெயின்போ வெய்ன்ஸ்' மாதிரி மெட்டு உள்ள பாட்டையும் விடவில்லை. ஒலிப்பதிவு, வாசிப்பு, உறுதி, மூன்றையும் வைத்துப் பார்த்தால் இவர்கள் செய்ததிலேயே நேர்த்தியான ஆல்பம் இதுதான். 'தி பாய்சன்'இல் அங்கங்கே தெரியும் பிசிறு இதில் ஒரு இடத்திலும் இல்லை.

2025 ஜனவரியில் கார்டிஃபில் தொடங்கி, ஃப்ளோரிடாவின் ட்ரிவியம் என்ற மெட்டல் பேண்டோடு சேர்ந்து ஒரு டூர் போனார்கள். ட்ரிவியம் தங்கள் 'அசென்டன்ஸி' ஆல்பத்தை முழுசாக வாசிக்க, இவர்கள் 'தி பாய்சன்'ஐ முழுசாக வாசித்தார்கள். இரண்டுக்கும் 20 வயசு. சொந்த ஊருக்குப் பக்கத்தில், அரங்கம் நிறைய ஜனம், வரிக்கு வரி கூடப் பாடுகிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனாலும் 2021இல் அப்படி ஒரு ஆல்பம் செய்துவிட்டு, மேடைக்கு மறுபடி 2005ஐத்தான் எடுத்துவர வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. டிக்கெட் விற்பது எது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

நண்பனுக்கு அனுப்பிய பதில் இதுதான்: 'தி பாய்சன்' முழுசாகக் கேள், 'ஸ்க்ரீம் எய்ம் ஃபயர்' முழுசாகக் கேள், 'ஃபீவர்'இல் பாதி கேள், நிறுத்திவிடு. 2021 ஆல்பம்தான் நேர்த்தி என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்டான். ஆமாம், நேர்த்திதான். இருந்தாலும் இன்றைக்கு அதை யாருக்கும் சிபாரிசு செய்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று ராத்திரி 'பாரசைட்' போட்டேன், முதல் நிமிஷத்திலேயே அந்தப் பெயரில்லாத மனுஷனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

பேண்டுக்கு மொத்தமாக 5க்கு 3. பேட்ஜுக்குத் தனியாக 5க்கு 5. 'பார்ட் 2'க்கு மதிப்பெண் போட மாட்டேன்.