மசாய் மாரா: பகலில் சிங்கம், இரவில் நட்சத்திரம் என்று விற்கிறார்களா? பணம் கட்டுமுன் படியுங்கள்

கென்யாவின் மசாய் மாராவுக்கு விற்கப்படும் 'ஒரே நாளில் விலங்கும் வானமும்' பேக்கேஜ்களில் ஏமாற்று பெரும்பாலும் 'மாரா' என்ற சொல்லிலேயே இருக்கிறது. தேசியக் காப்பகம் வேறு. அதை ஒட்டி மசாய் மக்களின் நிலத்தில் தனியாக நடத்தப்படும் வனவிலங்குப் பகுதிகளான மாரா நார்த், நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகள் வேறு. இரவு சஃபாரிக்கு அனுமதி கன்சர்வன்சிகளில்தான். அதுவும் பொதுவாக அங்குள்ள முகாமில் தங்குகிறவர்களுக்கு மட்டும். விளம்பரத்தில் கன்சர்வன்சிப் படத்தைப் போட்டுவிட்டு, காப்பகத்தின் நுழைவாயிலான செகெனானி அல்லது தலேக் கேட்டுக்கு வெளியே மலிவு லாட்ஜில் இறக்கிவிடுகிறார்கள்.

காப்பக டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அங்கே வருடம் முழுக்க சூரியன் மறைவது 6.40 வாக்கில், முழு இருட்டு வர 7.50 ஆகும். ஆக, டிக்கெட் முடியும்போது பொழுதே சாய்ந்திருக்காது! 'காப்பகத்துக்குள் ஜீப்பில் நின்றபடி நட்சத்திரம்' என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் முற்றத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும்.

கட்டணத்தைச் சரிபார்ப்பது எளிது. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஆகஸ்ட் மாதம், இரண்டு நாள், 'நுழைவுக் கட்டணம் உட்பட 350 டாலர்' என்றால் கேட்டுக்கே 400 போய்விடும். மிச்சத்தை உங்களிடம் கேட்டில் நிற்கவைத்துத்தான் வாங்குவார்கள்.

நைரோபியிலிருந்து ஒரே நாளில் போய்வருவது இன்னும் மோசம். ஏறக்குறைய 270 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினாலும் சிங்கம் நிழலில் உறங்கும் நேரத்துக்குத்தான் சேர முடியும். மழைக்காலமான ஏப்ரல், மே மாதங்களில் அங்குள்ள கரிசல் மண்ணில் சாதாரண வேன் புதைந்துவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்று எழுத்தில் வாங்குங்கள்.

வானத்தைப் பற்றிச் சொல்லும் பொய்கள்தான் அதிகம். திரிசங்கு எனப்படும் தென்சிலுவையை அக்டோபர் முன்னிரவில் காட்டுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். இருட்டுவதற்குள் அது மறைந்திருக்கும். மே மாதம்தான் அதற்கு உகந்தது. ஜூலை, ஆகஸ்டில் விருச்சிகமும் தனுசும் உச்சிக்கு அருகே வரும், பால்வீதியின் செழிப்பான பகுதி அங்கேதான். துருவ நட்சத்திரம் காட்டுவேன் என்கிற வழிகாட்டிக்கு வானம் தெரியாது: மாரா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அது அடிவானத்துக்குக் கீழே.

பௌர்ணமியையொட்டிய தேதிகளை உங்கள் தலையில் கட்டிவிடுவதும் வழக்கம். நிலவொளியில் பால்வீதி கரைந்துபோகும். அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்களுக்குள் தேதி கேளுங்கள். முகாமின் ஜெனரேட்டர் விளக்குகளை எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்பதையும்.

முன்பணம் அனுப்புமுன் நான்கு விஷயம் எழுத்தில் வரட்டும்: முகாமின் பெயர், அது இருக்கும் கன்சர்வன்சி, கட்டணம் எத்தனை நாளுக்கு, வண்டி வகை. 'மாராவுக்கு அருகில்' என்று மட்டும் பதில் வந்தால் அது கேட்டுக்கு வெளியே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.