எழுபது-இருநூறு: கண்ணாடிக்கு நூறு மார்க், ஸ்விட்சுக்கு முட்டை

தூத்துக்குடியில் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, டிஎஸ்எல்ஆர் காலத்து 70-200 எஃப் 2.8 இப்ப செகண்ட் ஹேண்ட்ல ரொம்ப இறங்கிடுச்சு. வாங்கிப் போடவா?"

அவர் கேட்டது தள்ளி நின்று எடுக்கிற ஜூம் லென்ஸைப் பற்றி. 70 எம்எம்மிலிருந்து 200 எம்எம் வரை ஜூம் ஆகும். எஃப் 2.8 என்றால் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கிற அளவுக்கு அகலமாகத் திறக்கும். டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே மிரர் வைத்த பழைய மாதிரி கேமரா. அவர் கேட்ட நேரம் சரியில்லை. என்னுடைய 70-200 அன்றைக்குத்தான் சர்வீஸிலிருந்து வந்திருந்தது. பில் தொகை ஒரு நிச்சயதார்த்த வேலைக்கு நான் வாங்குவதற்குக் கிட்டத்தட்ட சமம். ரிப்பேர் ஆனது கண்ணாடியோ மோட்டாரோ அல்ல, பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்விட்ச் பலகை. அந்தக் கோபத்தில் "வேண்டாம்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது அவருக்கு நியாயமான பதில் இல்லை, அதனால் விவரமாக எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனியா இந்தக் கம்பெனியா என்று திசைமாறிவிடும்.

லென்ஸைப் பற்றிய அடிப்படை விவரம் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கனம் ஒன்றரைக் கிலோ, சாயங்காலம் இடது மணிக்கட்டு வலிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஸ்விட்சுக்கு வருகிறேன்.

என் லென்ஸின் இடது பக்கத்தில் நான்கு ஸ்விட்சுகள். ஒன்று ஆட்டோ ஃபோகஸா மேனுவலா என்பதற்கு. அடுத்தது ஃபோகஸ் லிமிட்டர், அதாவது கிட்டத்திலிருந்து தேடுவதா, இரண்டரை மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடுவதா என்பதற்கு. மூன்றாவது கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரை ஆன், ஆஃப் செய்ய. நான்காவது அந்த ஸ்டெபிலைசரின் மோடு ஒன்றா இரண்டா என்று மாற்ற. நான்குமே உடம்பை விட்டு மேலே துருத்திக்கொண்டிருக்கின்றன. கேமரா மேஜையில் இருக்கும்வரை இதில் பிரச்சினை இல்லை. தோளில் ஹார்னஸ் மாட்டி, இரண்டு கேமராவையும் இடுப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு நடந்து பாருங்கள். பெல்ட் உரசும், இடுப்பு உரசும், மண்டபக் கூட்டத்தில் யாரோ ஒரு அத்தையின் கைப்பை உரசும். கையில் எடுக்கும்போது எந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நம் கையில் இல்லை.

இதில் ஆட்டோ ஃபோகஸ் ஸ்விட்ச் மாறினால்கூடப் பரவாயில்லை. பட்டனை அழுத்தினதும் லென்ஸ் அசையாது, உடனே தெரிந்துவிடும். லிமிட்டர்தான் விஷமம். எட்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஆளை அழகாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், கிட்ட வந்ததும் கைவிடும். ஒரு கல்யாணத்தில் அம்மி மிதிக்கிற நேரம். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறார். எனக்கும் பெண்ணின் காலுக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இருக்காது. லென்ஸ் அங்கும் இங்கும் ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. மெட்டி ஏறிவிட்டது. ஐயர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "மெட்டியக் கழட்டி இன்னொரு தரம் போடச் சொல்லலாம் தம்பி. தாலிக்கு அப்படிச் சொல்ல முடியாது, பாத்துக்கோ" என்றார். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார். ஆல்பத்தில் இருப்பது அந்த இரண்டாவது மெட்டிதான்.

லிமிட்டராவது அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நான்காவது ஸ்விட்ச் அதுவும் செய்யாது. மோடு இரண்டு என்பது ஓடுகிற காரையோ வண்டியையோ கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பதற்கானது. அதனால் கேமரா போகிற திசையில் வரும் ஆட்டத்தை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிரம்ம முகூர்த்தம், வெளியே இன்னும் இருட்டு, மண்டபத்தில் பாதி விளக்குதான் போட்டிருக்கிறார்கள், ஷட்டர் வேகம் விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. இந்த நிலைமையில் அது இரண்டில் இருந்தால் படங்கள் லேசாகப் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். கேமராவின் சின்னத் திரையில் தெரியாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கும்போது வயிறு கலங்கும்.

டேப் ஒட்டலாமே என்பீர்கள். ஒட்டிப் பார்க்காமல் இருப்பேனா? கடையில் கிடைக்கிற கறுப்பு இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலுக்குப் பசை கசிந்து நகர்ந்துவிடும். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, ஸ்விட்சின் இடுக்குக்குள் போய், கடைசியில் ஸ்விட்சே சொரசொரவென்று ஆகிவிட்டது. இப்போது சர்வீஸில் முழுப் பலகையையும் மாற்றியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று மெக்கானிக் சொன்னார். சினிமா யூனிட்டில் பயன்படுத்துகிற துணி டேப் நன்றாக நிற்கிறது, உரித்தால் பசையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கின பொருளுக்கு டேப் ஒட்டித்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் அதை வடிவமைத்தவர் ஒரு கல்யாணத்துக்காவது வந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, திட்டியாகிவிட்டது. இனி இதை ஏன் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் மேடைக்கு எதிரே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீடியோகாரர் எல்இடி லைட்டோடு முதல் ஆளாக நிற்பார், பக்கத்தில் கிம்பல், அதாவது வீடியோ ஆடாமல் பிடிக்கிற கைப்பிடி, வைத்தவர். பின்னால் உறவினர்கள் எல்லோரும் எழுந்து அட்சதை ஒரு கையிலும் செல்போன் இன்னொரு கையிலுமாக நிற்பார்கள். நடுப்பாதையிலிருந்து 200 எம்எம்மில் தாலியை எடுக்கலாம் என்று நினைப்பவர் செல்போன்களைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். தாலிக்கு 24-70 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு கிட்ட நிற்கிற ஆள் ஒருவர் எப்படியும் வேண்டும்.

எழுபது-இருநூறோடு நான் நிற்கிற இடம் வேறு. மேடையின் ஓரத்தில், நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி. தாலி ஏறும் அந்தச் சில விநாடிகளில் முன் வரிசையில் பெண்ணின் அம்மா எப்படி இருக்கிறார், தாரை வார்த்துக் கொடுத்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரா, தூணோரம் நிற்கும் தம்பி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து என்ன செய்கிறான் என்பதெல்லாம் அங்கிருந்துதான் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஆளை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேமராவைப் பார்த்ததும் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்கிற பழக்கம் நம்மூரில் எல்லோருக்கும் உண்டு. கேமரா தங்களைப் பார்க்கிறது என்று தெரியாதபோது மட்டும்தான் அந்தச் சிரிப்பு கழன்று நிஜ முகம் வரும். ஆல்பம் வாங்க வருகிறவர்கள் மேடைப் படங்களை வேகமாகப் புரட்டுவார்கள், இந்தப் பக்கங்களில் நிற்பார்கள். "இது எப்பங்க எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அடுத்த வேலை பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. மேளச் சத்தத்தில் ஷட்டர் சத்தம் கேட்காது என்பது கூடுதல் வசதி.

ஜோடியை வெளியே கூட்டிப்போய் எடுக்கிற அவுட்டோரில் இதன் மதிப்பு இன்னும் கூடும். 200 எம்எம்மில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா பார்க்கிற அகலம் வெறும் பத்து டிகிரி. இந்தப் பத்து டிகிரி நமக்கு எவ்வளவு உதவி என்பது தனுஷ்கோடிக்கு ஞாயிற்றுக்கிழமை போனவர்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு வேனும் பஸ்ஸுமாகக் கூட்டம் முனை வரைக்கும் வருகிறது. வைடு லென்ஸில் எடுத்தால் ஜோடியைவிட ஐஸ்காரர்தான் நன்றாகத் தெரிவார். தள்ளிப்போய் 200இல் வைத்தால் இரண்டு வேனுக்கு நடுவே இருக்கிற கடலை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து எடுப்பதால் பின்னால் வரும் அலையும் பெரிதாக, ஜோடியை ஒட்டி எழுவதுபோல் வரும். தூரத்தில் நிற்பதில் ஒரே சங்கடம், "கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க" என்று கத்தினால் காற்றில் பாதிதான் போய்ச் சேரும். இப்போதெல்லாம் மாப்பிள்ளை காதில் புளூடூத்தை மாட்டிவிட்டுப் போனிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராமேஸ்வரத்தில் தங்கினால் ஒன்றைக் கவனிக்கவும். ராத்திரி முழுக்க ஏசி ரூமில் பையை வைத்துவிட்டு விடியற்காலை நேராகக் கடலுக்குப் போனால் முன் கண்ணாடி பனி மூடிக்கொள்ளும். கண்ணாடி இவ்வளவு பெரிதாக இருப்பதால் சூடேறவும் நேரமாகும். துடைத்தாலும் மறுபடி மூடும். தெளிவதற்குள் சூரியன் மேலே போய்விடும். பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். கொடைக்கானலிலும் இதே கதைதான், கீழே இறங்கும்போது நடக்கும். குளிர்ந்த லென்ஸைப் பையோடு மூடியே வத்தலக்குண்டு வரை கொண்டுவந்துவிட வேண்டும், வழியில் திறக்கக் கூடாது. கொடைக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் ஷூட் முடிவாகும் கூட்டம் இதை மறந்துவிட்டு செக்போஸ்ட்டில் போனை நோண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் இந்தப் பழைய வடிவம் ஒரு தைரியம் தருகிறது. ஜூம் செய்தாலும் லென்ஸ் நீளாது, உள்ளுக்குள்ளேயே நகரும். கேனான் 2019இல் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே மிரர் இல்லாத புது மாதிரி கேமராவுக்கு, கொண்டுவந்த ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 வெளியே நீளும். சீல் செய்துதான் விற்கிறார்கள், ஆனாலும் தனுஷ்கோடி மணலில் ஒரு குழாய் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம் அது காலர் (ட்ரைபாடில் மாட்டுகிற வளையம்) இல்லாமல் 1,070 கிராம். சோனியின் இரண்டாம் தலைமுறை 70-200, 2021இல் வந்தது, 1,045 கிராம். என்னுடையது காலரைக் கழற்றினாலும் ஒன்றரைக் கிலோ. ரிசப்ஷன் முடிகிற இரவு பதினொரு மணிக்கு அந்த நானூறு சொச்சம் கிராம் என்பது சின்ன விஷயமே இல்லை.

தம்பிக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் லென்ஸுக்குள் வளர்கிற பூஞ்சை. பழைய லென்ஸ் விலை இறங்கியதற்குக் காரணம் லென்ஸ் கெட்டுப்போனதல்ல, எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறார்கள். ஆனால் மாறியவர் பழைய லென்ஸை எங்கே வைத்திருந்தார் என்பது நமக்குத் தெரியாது. நம் தொழிலில் ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். பை அப்படியே பீரோவில் கிடக்கும். மார்கழி வேறு மழைக்காலத்தை ஒட்டி வருகிறது, காற்றில் ஈரம் இருக்கும். வெளிச்சமில்லாத, காற்றாடாத, ஈரமான பை என்றால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். டிரை கேபினட் வாங்கி ஈரப்பதத்தை நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் வைத்தால் நல்லது. முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறினதும் ஜெல்லை வறுத்தெடுக்க மறக்கக் கூடாது. அரிசி டிரம்முக்குள் போடுகிறவர்களை என்ன சொல்வது! தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

வாங்கப் போகும்போது கையில் டார்ச் இருக்கட்டும். பின் மூடியைக் கழற்றி அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஓடினால் பணத்தை மறுபடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஜூம் வளையத்தின் ரப்பர் வியர்வையிலும் வெயிலிலும் ஊதித் தளர்ந்திருக்கும். அது மலிவு, மாற்றிக்கொள்ளலாம். பிறகு அந்த நான்கு ஸ்விட்சுகள். ஒவ்வொன்றையும் பலமுறை தட்டிப் பாருங்கள். டிக்கென்று விழாமல் வழவழவென்று நகர்ந்தால் விலையில் பேசிக் குறையுங்கள், என் பில்லை வேண்டுமானால் அனுப்புகிறேன், காட்டிப் பேசலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ வாங்கலாம்தானே அண்ணே" என்று தம்பி கேட்பார். வாங்க வேண்டாம். முதுகு நன்றாக இருக்கிற வயதில் இருப்பவர், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசு வாங்கட்டும். நட்சத்திரம் போடச் சொன்னால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டரைதான் போடுவேன், அந்த அரையும் தனுஷ்கோடிக்காக. நான் விற்கப் போகிறேனா என்றால் இல்லை. ஆவணியில் முதல் முகூர்த்தம் காரைக்குடிப் பக்கம். புதுப் பலகையில் ஸ்விட்சுகள் இப்போதைக்கு இறுக்கமாக இருக்கின்றன. அந்த இறுக்கத்தை நான் நம்பவில்லை, துணி டேப்பை நேற்றே ஒட்டிவிட்டேன்.