நான்கு நாய்க்கு எந்தக் கார்? ட்ரைபர், எர்டிகா, ஈகோ, பொலிரோ, இன்னோவா: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஷோரூமில் டிக்கியின் அளவை லிட்டரில்தான் சொல்வார்கள். பெட்டி அடுக்குகிறவருக்கு அது உதவும். நாய் வளர்ப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. படுக்கத் தரை, நின்றால் தலை இடிக்காத உயரம், முகத்துக்கு வந்து சேரும் குளிர்காற்று, இந்த மூன்றும்தான் நாய்க்கு வேண்டும். மூன்றாவதைப் பலர் கார் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: இரண்டு லேப்ரடார், ஒரு நாட்டு நாய், ஒரு பக். மொத்தம் 90 கிலோ சுமார். எடை பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. ஹேட்ச்பேக், செடான் இரண்டையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். நான்கு மீட்டருக்குள் வரும் எஸ்யூவிகளின் டிக்கியில் ஒரு லேப்ரடார் சுருண்டு படுக்கும். இரண்டாவது ஏறினால் சண்டைதான். ஆக, மூன்று வரிசைக் கார்கள்தான் போட்டியில் மிஞ்சுகின்றன.

கூண்டு வைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். லேப்ரடாருக்கான 42 அங்குலக் கூண்டு ஏறக்குறைய 107 செ.மீ. நீளம், 71 செ.மீ. அகலம், 76 செ.மீ. உயரம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 142 செ.மீ. ஈகோவின் வெளி அகலமே 147.5 செ.மீ.தான். மற்ற கார்களிலும் சக்கர மேடு இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்பதால் இது நடக்காது. பெரிய நாய் இரண்டு இருந்தால் ஒன்றுக்குக் கூண்டு, இன்னொன்றுக்கு ஹார்னஸ் (மார்புப் பட்டை). இல்லாவிட்டால் இரண்டாம் வரிசைக்குப் பின்னால் தடுப்புக் கம்பி போட்டுப் பின்பகுதி முழுவதையும் நாய்களுக்கு விட்டுவிட வேண்டும். இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இனி காற்று. நாய்க்கு நம்மைப்போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி, 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. காற்றில் ஈரம் அதிகமான சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இரைப்பது சரியாகப் பலன் தராது. தட்டை மூக்குள்ள பக் முதலில் திணறும். முன்வரிசையில் ஏசி குளிர்ந்து நமக்குக் கை சில்லிடும்போதும், டிக்கிக் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருக்கும் நாய் வெயிலில் வெந்துகொண்டிருக்கலாம்.

இங்கேதான் ரெனோ ட்ரைபர் தன் விலைக்கு மேலே நிற்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் இந்தக் காரில் மூன்றாம் வரிசைக்கும் கூரையில் ஏசி வென்ட் உண்டு. அந்த வரிசையின் இரண்டு இருக்கைகளையும் கையாலேயே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். கம்பெனியே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது, எனவே போல்ட் கழற்றும் வேலையும் இல்லை. கழற்றினால் 625 லிட்டர் இடம், தலைக்கு நேர் மேலே குளிர்காற்று. இரண்டாம் வரிசை 60:40 பிரிவாக முன்னால் நகரும், மடியும். ஒரு பக்கத்தை மடித்தால் கூண்டை நீளவாக்கில் தள்ளலாம். குறை இன்ஜினில் இருக்கிறது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 72 பிஎஸ். ஏசி முழு வேகத்தில் ஓட, நான்கு நாயோடு ஏலகிரி ஏறினால் இரண்டாம் கியரிலேயே காலத்தை ஓட்ட வேண்டும். சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாருதி எர்டிகா இதற்கு நேர் எதிர். 1.5 லிட்டர் இன்ஜின், 2740 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), அலுங்காத ஓட்டம். காரில் வாந்தி எடுக்கும் நாய்க்கு இது பெரிய உதவி. மூன்றாம் வரிசையை மடித்தால் 550 லிட்டர், ஏறக்குறைய சமதளம். ஆனால் 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்னாலுள்ள ஏசி திறப்புகள் இரண்டாம் வரிசையின் கூரையில்தான் இருந்தன. காற்று அங்கிருந்து டிக்கிவரை போக வேண்டும். நடுவில் இருக்கைச் சாய்வு மறிக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மத்தியான வெயிலில் ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிக்கித் தரையில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். சிஎன்ஜி எர்டிகா வேண்டாம். 60 லிட்டர் சிலிண்டர் சரியாக நாய் படுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஈகோவை விலைக்காகவே பலர் கேட்பார்கள். சறுக்குக் கதவு குறுகலான தெருவில் வசதிதான், உள்ளே உயரமும் தாராளம். ஆனால் பின்னால் ஏசி வென்ட் கிடையாது. இன்ஜின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் சூடு மேலே ஏறும். 2350 மி.மீ. வீல்பேஸில் பின்பகுதி குதிக்கும். 2016-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை; இப்போது ஆறு ஏர்பேக் வருகிறது, ஆகையால் செகண்ட் ஹேண்டில் எடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கூண்டைப் பற்றவைக்கும் யோசனையை ஒர்க்‌ஷாப்பில் யாராவது சொல்வார்கள். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், விபத்தென்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைக் காரணம் காட்டும். காலையில் கடற்கரைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் போய்வர ஈகோ போதும். மே மாத நெடுஞ்சாலைக்கு ஆகாது.

பொலிரோவிலும் பின் ஏசி இல்லை. பிறகு ஏன் பட்டியலில்? அதன் பின்கதவுக்காக. மற்ற கார்களின் டிக்கிக் கதவு மேலே தூக்கும் வகை. தூக்கிய நொடியில் நான்கும் சாலையில் குதிக்கும். பொலிரோவின் கதவு பக்கவாட்டில் திறப்பதால் ஒரு சாண் மட்டும் திறந்து, தொடையால் அடைகொடுத்து, ஒவ்வொன்றாகச் சங்கிலியைப் பிடித்து இறக்கலாம். எதிரெதிராக இருக்கும் பக்க இருக்கைகளை மடித்தால் நடுத் தரை கிடைக்கும். தோட்டத்துக்கும் வயலுக்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதைவிட ஏற்றது கிடைப்பது கடினம். லீஃப் ஸ்பிரிங் தூக்கிப் போடுவதை அந்த நாய்கள் பொருட்படுத்துவதில்லை, லேப்ரடார் பொருட்படுத்தும்.

இன்னோவா கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசை இரண்டு பக்கமும் மேலே மடிந்து தொங்குகிறது, அகலம் அங்கே போகிறது. இன்னோவா ஹைகிராஸில் அது தரைக்குள் சமமாக மடியும். அதன் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள வகை) இன்னொரு பெரிய வசதி: ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. சாதாரண கார்களில் கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவதால் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது குளிர்ச்சி குறையும், இதில் குறையாது. பணம் இருந்தால் இதுதான், யோசிக்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் மூன்று ட்ரைபர் வாங்கலாம் என்பதும் உண்மை. எதுவானாலும், நிறுத்திய காரில் நாயைத் தனியாக விடாதீர்கள். கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி வைத்தாலும் உள்வெப்பம் அரைமணியில் எகிறிவிடும்.

எந்தக் காரை எடுத்தாலும் சில வேலைகள் பொது. மடித்த இருக்கை முதுகுகளின் இடுக்கில் நகம் மாட்டும். 12 மி.மீ. பிளைவுட்டை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டு, மேலே 5 மி.மீ. ரப்பர் பாயை ஒட்டுங்கள். வழுவழுப்பான ரெக்சின் விரிப்பு வேண்டாம். திருப்பத்தில் கால் சறுக்கிய நாய் உட்காராமல் நின்றுகொண்டே வரும். தடுப்புக் கம்பியின் முனை கூரை ஓரத்தை அழுத்தக்கூடாது, கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிமேல் திரைபோல் விரிவது) உள்ள கார்களில் அது விரியும் பாதை அதுதான். பெல்ட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்பு ஹார்னஸில் மாட்டுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 30 கிலோ நாய் 400 கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் வரும்.

நான்கு நாய் இரைத்தால் கண்ணாடி புகைபடியும். உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, ஏசியோடு வெளிக்காற்றை விடுங்கள். ஏசி வலுவிழந்தால் கேஸ் குறைந்துவிட்டது என்று ஓடுவதற்கு முன் கேபின் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். முடி அங்கேதான் மெத்தைபோல் படிந்திருக்கும். கூரை வென்ட்டின் உறிஞ்சு பக்கத்தையும் துடையுங்கள். பவர் விண்டோ லாக் எப்போதும் போட்டிருக்கட்டும், பாதம் பட்டே கண்ணாடி இறங்கிவிடும்.

வயதான லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு தேயும், குதித்து ஏறவிடாதீர்கள். டிக்கித் தரை 70 செ.மீ. உயரம் என்றால், 25 டிகிரி சாய்வில் ஏற 165 செ.மீ. நீளப் பலகை தேவை. அந்தப் பலகையை வைக்கவும் காரில் இடம் வேண்டும். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது டேப்பை எடுத்துப் போங்கள். ஷோரூமில் ஒத்துக்கொண்டால் வீட்டிலுள்ள பெரிய நாயையும்.