சைக்கிள் அருமை, ஆனா வாங்காதீங்க: ஒரு ஹேங்கர் படுத்தின பாடு

திருப்பூர்ல இருக்குற மாப்ள நேத்து நைட்டு ஒரு லிங்க் அனுப்பி, "நீ ஓட்டுற அதே மாடல்தான், வெலை எக்கச்சக்கமா கொறஞ்சிருக்கு, போட்றட்டுமா"ன்னு கேட்டான். வாட்ஸப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுட்டே போச்சுங்க, அதான் எல்லாருக்குமா எழுதிடறேன், கோயமுத்தூர் ஈரோடு பக்கம் வேற யாராச்சும் இந்த வெலையைப் பாத்து கை வெக்கறதுக்கு முன்னாடி படிக்கட்டும். கம்பெனி பேரு வேண்டாம். ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல வர்ற ஹைப்ரிட், கியர் முன்னாடி மூணு பின்னாடி எட்டு, ரெண்டு வீலுக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அவ்வளவு தெரிஞ்சா போதும்.

மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா அது நெசம். வருசக்கணக்கா ஓட்டறேன், ஃப்ரேம்ல ஒரு சத்தம் கிடையாது. சிறுவாணி ரோட்டுல விடியக்காலைல போனா செயின் ஓடுற சத்தம் மட்டுந்தான் கேக்கும். ஆனைகட்டில இருந்து மாங்கரைக்கு எறங்கறப்ப பிரேக்கை ரெண்டு வெரல்ல பிடிச்சாப் போதும், வண்டி சொன்ன பேச்சு கேக்கும், மழை பேஞ்சு ரோடு நனைஞ்சிருந்தாலும் அப்படித்தான். ஆடி மாசம் வாளையார் பக்கம் பாலக்காட்டுக் காத்து மூஞ்சில அடிக்கறப்ப கூட சின்ன கியர்ல போட்டு மெதுவா ஏத்திட்டே போயிறலாம், திரும்பி வர்றப்ப காத்தே தள்ளிட்டு வந்துரும். சீட்டு, ஹேண்டில் பார் எல்லாம் கம்பெனில வந்ததேதான், மாத்தணும்னு தோணவே இல்ல. இந்த வெலைக்கு இப்படி ஒரு ஃப்ரேம் கெடைக்கறது கஷ்டம்.

இப்ப ஹேங்கருக்கு வர்றேன்.

பின்னாடி கியர் மாத்துற ஆர்.டி. (ரியர் டீரெய்லர்) இருக்குதுல்ல, அது நேரா ஃப்ரேம்ல மாட்டியிருக்காது, நடுவுல வெரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு இருக்கும், அதுதான் ஹேங்கர். வேணும்னே மெத்துனு செய்யறாங்க. வண்டி வலது பக்கமா விழுந்தாலோ, குச்சி கிச்சி மாட்டி ஆர்.டி. இழுத்தாலோ மொதல்ல இது வளையும், இல்ல ஒடையும், ஃப்ரேம் தப்பிச்சுக்கும். நல்ல யோசனைதான். ஆனா ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம் வெச்சிருக்கான், ஒண்ணு இன்னொண்ணுல உக்காராது. 2019ல சைக்கிள் பார்ட் செய்யற ஸ்ராம் கம்பெனி யு.டி.ஹெச்.னு எல்லா ஃப்ரேமுக்கும் பொதுவா ஒண்ணு கொண்டு வந்தாங்க, வெலை கூடின மலை சைக்கிள்ல அது நெறைய வந்தாச்சு, நாம வாங்குற வெலைல இன்னும் அவனவன் டிசைன்தான். அந்தத் துண்டு இல்லன்னா மொத்த சைக்கிளும் செவுத்துல சாஞ்சு நிக்க வேண்டியதுதான்.

எனக்கு மொத தடவை ஒடைஞ்சது காருண்யா தாண்டி, ரோட்டுல கெடந்த ஒரு குச்சி ஆர்.டி.க்குள்ள பூந்து. அப்ப நான் சைக்கிள் வாங்கின கடை இன்னும் தனிக்கடையா இருந்துச்சு. கடை அண்ணன் ஒடைஞ்ச துண்டு ரெண்டையும் பேப்பர் மேல ஒட்ட வெச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சாரு. "நாளைக்கு பொழுதோட வாங்க தம்பி"ன்னாரு, அவ்வளவுதான். கணபதில அவருக்குத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல அலுமினியத் தகட்டுல வெட்டி, அரம் போட்டு, ஆர்.டி. திருகற ஓட்டைக்கு பத்து எம்எம்ல நெருக்கமான மரை போட்டு ரெண்டு பீஸா வாங்கிட்டு வந்துட்டாரு. ஒண்ணு மாட்டறதுக்கு, ஒண்ணு என்ற பைல வெச்சுக்கறதுக்கு.

மாட்டினப்பொறவு அவரு செஞ்சதைத்தான் இன்னும் நெனச்சுப் பாக்கறேன். ஹேங்கர் நேரா நிக்குதான்னு பாக்க தனி டூல் இருக்கு, அது அவருகிட்ட இல்ல. பழைய பின் வீல் ஒண்ணை எடுத்தாரு, அதோட ஆக்ஸில் மரையும் ஹேங்கர் மரையும் ஒரே அளவுங்க, ஆக்ஸிலை அப்படியே ஹேங்கர்ல திருகிட்டாரு. இப்ப என்ற வீலும் பழைய வீலும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒரு ஈர்க்குச்சியை ஒடிச்சு ரெண்டு ரிம்முக்கும் நடுவுல மேல வெச்சு அளந்தாரு, கீழ வெச்சாரு, முன்னாடி பின்னாடி வெச்சாரு, எங்க எடைவெளி கூடுதோ அங்க கையால லேசா ஒரு அமுக்கு. நாலு பக்கமும் குச்சி ஒரே மாதிரி உக்கார்ற வரைக்கும் விடல. அன்னைக்கு போட்ட கியர், அடுத்த ஹேங்கர் போற வரைக்கும் ஒரு தடவை கூட தாவல.

அந்தக் கடையை சைக்கிள் கம்பெனியே வாங்கிருச்சு. அண்ணன் மேல எனக்கு கோவமே இல்லீங்க. பையன் பெங்களூர்ல ஐடில இருக்கான், கடைக்கு வரமாட்டான். கம்பெனி வருசா வருசம் இத்தனை வண்டி எடுத்தே ஆகணும்னு சொல்லுது, அதே வண்டியை ஆன்லைன்ல இவரு வாங்குற வெலைக்கே விக்குது. 85 சதவீதம் அசெம்பிள் பண்ணி டப்பால வர்ற வண்டியை வாங்கிட்டு வந்து "பிரேக் மட்டும் செட் பண்ணிக் குடுங்ணா"ன்னு வரிசைல நிப்பாங்க, அதையும் அவருதான் செஞ்சு குடுப்பாரு. எத்தனை நாளைக்கு ஒரு மனுசன் தாங்குவாரு.

புதுக் கடை பாக்க நல்லாத்தான் இருக்கு, அதையும் சொல்லணும். ஏசி, ஒழுங்கா பில்லு, வீட்டுப் பொம்பளைங்க தனியா போய் நின்னு வெலை கேக்கலாம், போல்ட்டை அளவா டைட் பண்ண டார்க் ரெஞ்ச் வெச்சிருக்காங்க, ஹேங்கர் நேர் பண்ற டூலும் இப்ப செவுத்துல தொங்குது. பழைய அண்ணன்கிட்ட எது கேட்டாலும் "ஆயிரும்"னு தான் பதில் வரும், எப்ப ஆகும்னு தெரியாது. அதெல்லாம் சரி.

ரெண்டாவது தடவை ஆர்.எஸ்.புரத்துல நிறுத்தி வெச்ச சைக்கிளை பைக்ல வந்த ஒருத்தன் இடிச்சுத் தள்ளிட்டுப் போயிட்டான், ஹேங்கர் போச்சு. பைல இருந்த பீஸை மாட்டி டியூனிங் பண்ணிக்கலாம்னு அந்தக் கடைக்கே எடுத்துட்டுப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையா, "சார், வெளில செஞ்ச பார்ட் நாங்க போடக்கூடாது"ன்னான். சரி, உங்க பார்ட்டே போடுங்கன்னேன். "அந்த மாடல் நின்னுருச்சு சார், சிஸ்டத்துல பார்ட் நம்பர் காட்டுது, ஸ்டாக் வராது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, பாக்கறீங்களா"ங்கறான். உள்ள நின்ன மெக்கானிக் பழைய கடைலயே வேலை கத்துக்கிட்ட தம்பிதான். பில் போடற எடம் தாண்டி வெளிய வந்து மெதுவா, "எனக்கு அஞ்சு நிமிச வேலைங்ணா, கேமரா இருக்குதுங்ணா"ன்னான். அவன் மூஞ்சியைப் பாத்தப்ப எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. கை இருக்கு, டூல் இருக்கு, பார்ட்டை நான் கைல வெச்சிருக்கேன், அவங்க வித்த வண்டிதான் முன்னாடி நிக்குது, ஆனா ரிப்பேர் நடக்காது, புது வண்டி வேணும்னா உடனே நடக்கும்.

இது நம்மூரோட நிக்கல. அமெரிக்காவுல ட்ரெக், ஸ்பெஷலைஸ்டுன்னு ரெண்டு பெரிய சைக்கிள் கம்பெனியும் ஊர் ஊரா தனிக்கடைகளை வாங்கினாங்க. ரெண்டும் எழுபதுகள்ல தொடங்கி, தனிக்கடைக்காரங்க வித்துக் குடுத்துத்தான் வளந்த கம்பெனிங்க. கடைக்காரங்களுக்கு வயசாகுது, எடுத்து நடத்த ஆள் இல்ல, நாம வாங்கலன்னா போட்டிக்காரன் வாங்கிருவான், அந்த ஊர்ல நம்ம வண்டி நிக்க எடம் இருக்காதுங்கற பயமும் கம்பெனிக்கு. அந்தப் பயம் நெசமாவே நடந்துச்சு. 2021ல கலிபோர்னியாவுல மைக்ஸ் பைக்ஸ்னு பல கிளை இருந்த கடையை, போட்டி சைக்கிள் பிராண்டுகளை வெச்சிருந்த நெதர்லாந்துக்கார பான் கம்பெனி வாங்குச்சு, ஸ்பெஷலைஸ்டு அந்தக் கடைக்கு வண்டி அனுப்பறதை நிறுத்திட்டாங்க. மெக்கானிக் அதே ஆளு, வர்ற ஜனம் அதே ஜனம், ஓனர் மாறினதுதான் காரணம். அந்த வருசமே பான், கேனன்டேல், ஷ்வின், ஜிடி பிராண்டெல்லாம் வெச்சிருந்த டோரல் கம்பெனியோட சைக்கிள் பிரிவை 81 கோடி டாலருக்கு வாங்கப்போறதா அறிவிச்சாங்க. இங்க 2015ல ஹீரோ சைக்கிள்ஸ் ஃபயர்ஃபாக்ஸை வாங்கினாங்கல்ல, அந்த மாதிரி கம்பெனியை கம்பெனி வாங்கிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. கடையை வாங்கறதுதான் வேற விசயம். கடைக்காரர் எனக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்ன ஆளு, வண்டில கோளாறுன்னா எனக்காக கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை போடுவாரு. இப்ப கம்பெனியே கல்லால உக்காந்துருச்சு, எனக்காக யாரு பேசறது?

என்ற வண்டி இப்ப ஓடுது. பழைய அண்ணன் வீட்டுக்கே போய் மாட்டிக்கிட்டேன், வாசல்லயே அதே பழைய வீல், அதே குச்சி. மறுபடி கணபதிக்கு ஆள் அனுப்பி இன்னும் ரெண்டு பீஸ் செஞ்சு வெச்சாச்சு. ஆனா எல்லாருக்கும் அந்த அண்ணன் வீடு தெரியாதுங்களே.

அதனால மாப்ளைக்கும் மத்தவங்களுக்கும் சொல்றது இதுதான். மாடல் நின்னு போச்சு, அதனாலதான் இந்த வெலை. இவ்வளவு புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றேனேன்னு கேக்காதீங்க, வாங்காதீங்க. அதே காசுக்கு திருப்பூர்லயே, ஓனர் கைல கிரீஸ் இருக்குற கடையாப் பாத்து, ஃப்ரேம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் அவரு கைகாட்டற வண்டியை எடுத்துக்கடா. இல்ல, எனக்கு இதேதான் வேணும்னு அடம் பிடிச்சா, கடைக்கு நேராப் போய் ஹேங்கர் ரெண்டு எடுத்து மேசை மேல வெக்கச் சொல்லு. வெச்சாத்தான் கார்டை எடுக்கணும்.